அன்னதானம் வேண்டாம், வீட்டுச் சாவி கொடுங்கள்

“எங்க காலத்துக்கு அப்புறம் இவன யாரு பாத்துக்குவா?”

அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளையை வளர்க்கும் பெற்றோர் யாரிடம் பேசினாலும் பேச்சு கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கும். பிள்ளைக்கு ஐந்து வயதாகும்போது சிறப்புப் பள்ளி எங்கே இருக்கிறது என்று தேடுவார்கள். பதினைந்து வயதில் தொழிற்பயிற்சி ஏதாவது உண்டா என்று விசாரிப்பார்கள். பிள்ளைக்கு முப்பத்தைந்தும் தாய்க்கு அறுபத்தைந்தும் ஆகும்போது கேட்பதற்கு இந்த ஒரு கேள்விதான் மிச்சம். நம் சமூகம் அதற்கு இரண்டு பதில்களை வைத்திருக்கிறது. ஒன்று, கூடப் பிறந்த அக்காளோ தங்கையோ பார்த்துக்கொள்வாள். இரண்டு, ஏதாவது ஒரு ‘ஹோம்’ல சேர்த்துவிடலாம்.

என் முனைவர் பட்ட ஆய்வு அந்த இரண்டாவது பதிலைப் பற்றியது. வயது வந்த அறிவுசார் குறைபாடுடையோர் வாழும் இல்லங்களுக்குச் சில ஆண்டுகளாகப் போய்வருகிறேன். முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். மனநோயும் அறிவுசார் குறைபாடும் ஒன்றல்ல. மனநோய் எந்த வயதிலும் வரலாம், சிகிச்சை உண்டு, பலர் மீண்டு வருகிறார்கள். அறிவுசார் குறைபாடு பிறவியிலோ குழந்தைப் பருவத்திலோ வருவது. கற்றுக்கொள்வது, கணக்குப் பார்ப்பது, திட்டமிடுவது போன்றவற்றில் வாழ்நாள் முழுக்க ஒருவருடைய துணை தேவைப்படும். சிலருக்கு அந்தத் துணை வாரத்தில் நான்கு மணி நேரம் இருந்தால் போதும், சிலருக்கு நாள் முழுக்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ‘மனவளர்ச்சி குன்றியவர்’ என்ற பழைய பெயரில் இவர்களை இந்தியா முழுக்கச் சுமார் 15 லட்சம் பேர் என்று எண்ணியது. கணக்கெடுக்க ஆள் வரும்போது உள்ளறைக் கதவு சாத்தப்பட்ட வீடுகள் எத்தனை இருந்திருக்கும் என்பதை நம் தெருக்களை அறிந்தவர்கள் யோசித்துப் பார்க்கலாம்.

சாதி ஒழிப்புக்கான தளத்தில் இதை ஏன் எழுத வேண்டும் என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். மாற்றுத்திறனாளிகளின் பிரச்சினை வேறு, சாதி வேறு என்று நினைப்பவர்கள் ஒரு பராமரிப்பு இல்லத்தில் ஒரு முழு நாள் உட்கார்ந்திருந்தால் போதும். யார் கொடுப்பது, யார் வாங்குவது, யார் சமைப்பது, யார் கழுவுவது என்பதையெல்லாம் அங்கே சாதிதான் தீர்மானித்துக்கொண்டிருக்கிறது.

பிறந்தநாள் பலகை

நான் போன பெரும்பாலான இல்லங்களின் வாசலில் ஒரு பலகை இருந்தது. காலைச் சிற்றுண்டிக்கு இவ்வளவு, மதியச் சாப்பாட்டுக்கு இவ்வளவு, வடை பாயசத்தோடு என்றால் இவ்வளவு. பிறந்தநாள், திருமண நாள், நினைவு நாள் என்று நன்கொடையாளர்கள் பதிவு செய்துகொள்கிறார்கள். பன்னிரண்டரைக்கே சாப்பாடு தயாராகிவிடும், ஆனால் நன்கொடை கொடுத்த குடும்பம் வந்துசேரும்வரை யாரும் தட்டில் கை வைக்கக் கூடாது. வந்த பிறகு பிரார்த்தனை, பாட்டு, கேக், படம் எடுத்தல். கேக் வெட்டும் குழந்தைக்கு ஆறு வயது இருக்கும், கைதட்டி ‘ஹேப்பி பர்த்டே’ பாடுகிறவருக்கு நாற்பத்திரண்டு. அந்தக் குழந்தை அவரை “வா, போ” என்று பேசும். யாரும் அதைத் திருத்துவதில்லை.

கொடுப்பவர்களின் மனதைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பலர் உண்மையான இரக்கத்தோடுதான் வருகிறார்கள். ஆனால் தானம் என்ற ஏற்பாட்டில் புண்ணியம் கொடுப்பவர் கணக்கில் சேர்கிறது. வாங்குபவரின் வேலை நன்றியோடு இருப்பது. முற்பிறவி வினைதான் இந்தப் பிறவியில் உடம்பாகவும் சாதியாகவும் வந்திருக்கிறது என்று சொல்லும் அதே கருத்துதான் இங்கேயும் நிற்கிறது. ‘கர்மா’ என்ற ஒரே சொல்லை வைத்துச் சேரியையும் விளக்கினார்கள், குறைபாட்டோடு பிறந்த குழந்தையையும் விளக்கினார்கள். இரண்டு விளக்கத்திலும் பாதிக்கப்பட்டவரே குற்றவாளி. இரண்டிலும் மற்றவர்கள் அதிகபட்சம் செய்யக்கூடியது இரக்கம் காட்டுவது மட்டுமே.

உணவையே எடுத்துக்கொள்வோம். நான் பார்த்த ஓர் இல்லத்தில் சைவம் மட்டும்தான். ‘நன்கொடையாளர்கள் மனம் நோகக் கூடாது’ என்பது காரணம். அங்கே ஒருவர் இருந்தார். அதிகம் பேசமாட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மட்டும் காலையிலிருந்து “கறி, கறி” என்று சொல்லிக்கொண்டே வாசலுக்கும் சமையலறைக்கும் நடப்பார். மாலையில் தட்டைத் தூக்கி எறிவார். அவருடைய பதிவேட்டில் ‘ஞாயிறுகளில் அடம், ஆக்ரோஷம்’ என்று எழுதியிருந்தது. முப்பது வருடம் அம்மா கையால் ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு சாப்பிட்ட மனிதர் அவர். அவருக்கு நாள் தெரிகிறது, கிழமை தெரிகிறது, என்ன வேண்டும் என்று தெரிகிறது, கேட்கவும் செய்கிறார். அந்தக் கேள்விக்கு நிர்வாகம் வைத்த பெயர் நோய்க்குறி. அதே இல்லத்தின் சேர்க்கைப் படிவத்தைப் பார்த்தேன். சாதியைக் குறிக்க ஒரு கட்டம் இருந்தது. என்ன சாப்பிடப் பிடிக்கும் என்று கேட்க ஒரு கட்டமும் இல்லை.

பெண்களின் தலைமுடியை ஒட்ட வெட்டுவது, துணிகளை ஒரே பீரோவில் போட்டு யாருக்கு எது கிடைக்கிறதோ அதை உடுத்தச் சொல்வது, இரவு ஏழரைக்கே விளக்கணைப்பது இவையெல்லாம் ‘நிர்வாக வசதி’ என்ற பெயரில் நடக்கின்றன. தரையில் டைல்ஸ் இருக்கிறது, சுவர் புதிதாக வண்ணம் அடிக்கப்பட்டிருக்கிறது, ஆய்வுக்கு வருகிற அதிகாரி ‘நன்று’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார். அடியும் பட்டினியும் இல்லையென்றால் அதுவே நல்ல இல்லம் என்று நாம் அளவுகோலைத் தரையோடு தரையாக வைத்திருக்கிறோம்.

ஆயாம்மாவைப் பற்றிப் பேசாமல் தரம் பற்றிப் பேச முடியாது

பராமரிப்பின் தரம் என்று எழுதப்படும் அறிக்கைகளில் பெரும்பாலும் காணாமல் போகிறவர் ஆயாம்மா. குளிப்பாட்டுவது, மலம் கழுவுவது, மாதவிடாய்த் துணி மாற்றுவது, வாந்தி துடைப்பது, இரவில் வலிப்பு வந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எல்லாம் அவர்தான். நான் பார்த்த இடங்களில் இந்த வேலையில் இருந்த பெண்களில் பெரும்பாலோர் தலித் குடியிருப்புகளிலிருந்து வந்தவர்கள். ஓர் இல்லத்தில் சமையலறைக்குள் அவர் வரக் கூடாது என்பது எழுதப்படாத விதி. ‘சுகாதாரம்’ என்று காரணம் சொன்னார்கள். சமைப்பவர் கழிப்பறைக்குப் போய்விட்டுச் சமையலறைக்குத் திரும்புவதில் யாருக்கும் சுகாதாரப் பிரச்சினை இருக்கவில்லை.

அங்கே ஒரே ஆயாம்மா காலை ஏழு மணிக்குள் பதினான்கு பேரைக் குளிப்பாட்டி முடிக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து மணிக்குத் தொடங்கினாலும் ஒருவருக்கு ஒன்பது நிமிடம்கூடக் கிடைக்காது. அதனால் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி ரப்பர் குழாயால் தண்ணீர் அடிக்கிறார். குளிர்காலத்தில் அது கொடுமை. அந்தக் காட்சியைக் கைபேசியில் படம் எடுத்து வெளியிட்டால் ‘மனிதாபிமானமற்ற ஆயா’ என்று செய்தி வரும், அவர் வேலை போகும், அடுத்த வாரம் அதே சேரியிலிருந்து இன்னொரு பெண் வந்து அதே குழாயைப் பிடிப்பார். பதினான்கு பேருக்கு ஒருவர் என்று முடிவு செய்தவரின் முகம் எந்தப் படத்திலும் வராது.

அதே ஆயாம்மாவுக்குத்தான் யாருக்கும் தெரியாத விஷயங்கள் தெரியும். யார் காது வலித்தால் தலையைச் சுவரில் முட்டுவார், யாருக்கு மழைச் சத்தம் பயம், யார் சிரித்தால் உண்மையில் அழப்போகிறார் என்பதையெல்லாம் அவர் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். மருத்துவரும் சிறப்புக் கல்வியாளரும் உட்கார்ந்து ‘தனிநபர் திட்டம்’ எழுதும் கூட்டத்தில் அவருக்கு நாற்காலி கிடையாது. கூட்டம் முடிந்ததும் டீ கிளாஸ் எடுக்க அவரைக் கூப்பிடுவார்கள்.

உடல் கழிவைத் தொடும் வேலையை இழிவென்று வைத்து, அதைச் சில சாதிகளின் தலையில் கட்டிய நாடு இது. அந்த வேலைக்கு இங்கே பயிற்சியும் கிடையாது, முறையான சம்பளமும் கிடையாது, மரியாதையும் கிடையாது. அப்படியான சமூகத்தில் இன்னொருவர் தொட்டுக் கழுவிவிட வேண்டிய நிலையில் இருக்கும் மனிதரும் இழிவாகவே பார்க்கப்படுவார். தொடுகிற கைக்கும் தொடப்படுகிற உடம்புக்கும் சேர்த்துத்தான் சுயமரியாதை வரும். ஒருவருக்கு மட்டும் தனியாக அதை வாங்கிக் கொடுக்க முடியாது.

மறைத்து வைக்கும் குடும்பம்

இல்லத்துக்கு ஏன் அனுப்புகிறார்கள்? ஏழ்மை, முதுமை, நோய் என்று நியாயமான காரணங்கள் பல. ஆனால் ஓரளவு வசதியுள்ள குடும்பங்களில் நான் திரும்பத் திரும்பக் கேட்ட காரணம் ஒன்று உண்டு. “பொண்ணுக்கு வரன் பாக்குறோம்.” வீட்டில் இப்படி ஒரு அண்ணன் இருப்பது தெரிந்தால் சம்பந்தம் தட்டிப்போகும். பெண் பார்க்க வரும் நாளில் அவரைப் பக்கத்து ஊர் சித்தி வீட்டுக்கு அனுப்புவதில் தொடங்கி, கல்யாணம் நிச்சயமானதும் நிரந்தரமாக இல்லத்தில் விடுவதில் முடிகிறது.

அகமண முறைதான் சாதியைத் தாங்கி நிற்கிறது என்று அம்பேத்கர் 1916-இலேயே கொலம்பியாவில் படித்த கட்டுரையில் காட்டினார். சாதிக்குள் திருமணச் சந்தை ஒன்று இயங்குகிறது. அதில் ‘நல்ல ரத்தம்’ விலைபோகிறது. அந்தச் சந்தையில் குடும்பத்தின் விலையைக் குறைக்கும் எவரும் மறைக்கப்பட வேண்டியவரே. காதலித்த பெண்ணை அடைத்து வைக்கும் வீடும் குறைபாடுள்ள மகனை அடைத்து வைக்கும் வீடும் காப்பாற்றுவது ஒரே குடும்ப மானத்தைத்தான்.

பெண்கள் நிலை இன்னும் மோசம். 1994-இல் மகாராஷ்டிராவின் ஷிரூரில் இருந்த அரசு இல்லத்துப் பெண்களைப் புனேயின் சாசூன் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் கருப்பையை அகற்றினார்கள். மாதவிடாய்ச் சுத்தம் பார்க்க முடியவில்லை என்று நியாயம் சொன்னார்கள். பெண்ணியவாதிகள் எதிர்த்துப் போராடினார்கள். 2009-இல் சண்டிகரில் அரசு இல்லத்துக்குள்ளேயே வன்புணர்வுக்கு ஆளாகிக் கருவுற்ற ஒரு பெண், குழந்தை வேண்டும் என்றார். கருவைக் கலைக்க உயர்நீதிமன்றம் அனுமதித்தது. உச்சநீதிமன்றம் அதை நிறுத்தி, லேசான அறிவுசார் குறைபாடு இருப்பதாலேயே அவருடைய சம்மதம் இல்லாமல் கருக்கலைப்பு செய்ய முடியாது என்றது. அந்தத் தீர்ப்பு வந்த பிறகும், வயதுக்கு வந்த மகளின் கருப்பையை எடுத்துவிடலாமா என்று தாய்மார்கள் ரகசியமாக மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். மகளுக்குப் பாதுகாப்பான வீட்டைத் தர முடியாத சமூகம் அந்தத் தாயை இப்படிக் கேட்க வைக்கிறது.

துணையோடு வாழ்தல் என்றால் என்ன?

சரி, மாற்று என்ன? ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007-இல் ஏற்றது. அதன் 19-ஆவது பிரிவு, எங்கே யாரோடு வாழ்வது என்பதை மற்றவர்களைப் போலவே தேர்ந்துகொள்ளும் உரிமையைச் சொல்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 5-ஆவது பிரிவும் அதையே சொல்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்குச் சமூகத்தில் வாழும் உரிமை உண்டு, இந்த வகை இடத்தில்தான் வாழ வேண்டும் என்று யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்த முடியாது, வீட்டிலேயே துணை கிடைக்க அரசு வழி செய்ய வேண்டும்.

நடைமுறையில் இது இப்படி இருக்கும். சாதாரணத் தெருவில் ஒரு சாதாரண வாடகை வீடு. இரண்டு, மூன்று பேர் சேர்ந்து இருப்பார்கள் அல்லது தனியாக இருப்பார்கள். வாடகை ஒப்பந்தம் அங்கே வாழ்பவர் பெயரில். சமைக்க, கடைக்குப் போக, மருந்து எடுக்க, பேருந்து ஏற உதவும் துணையாள் வேறொரு அமைப்பிலிருந்து வருவார். வீடு கொடுப்பவரும் துணை கொடுப்பவரும் வேறு வேறாக இருக்க வேண்டும் என்பது இதன் உயிர்நாடி. ஏனென்றால் துணையாளைப் பற்றிப் புகார் சொன்னால் வீடு போய்விடும் என்ற நிலை இருந்தால் யார் வாயைத் திறப்பார்கள்? பண்ணையாரின் நிலத்தில் குடிசை போட்டுக்கொண்டு பண்ணையாரிடமே கூலி உயர்வு கேட்க முடியாமல் தவித்தவர்களின் பிள்ளைகள் நாம். குடியிருப்பு மனை சொந்தமாக இல்லாதவனுக்குக் குரல் இல்லை என்பதை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்த முறை பரவலாக உள்ள இங்கிலாந்தின் அனுபவத்தில் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. முதலாவது, பணம் மட்டும் தரத்தைத் தராது. பிரிஸ்டல் அருகே வின்டர்போர்ன் வியூ என்று 24 படுக்கைகள் கொண்ட தனியார் மருத்துவமனை. அறிவுசார் குறைபாடுள்ள ஒருவருக்கு வாரத்துக்குச் சராசரியாக 3,500 பவுண்டு அரசுப் பணம் அங்கே போனது. 2011 மே மாதம் பிபிசி மறைகேமராவில் எடுத்த காட்சிகளை ஒளிபரப்பியது. ஊழியர்கள் அவர்களை அடித்தார்கள், கீழே தள்ளி அழுத்தினார்கள், குளிர்ந்த நீரை ஊற்றினார்கள். 11 ஊழியர்கள் தண்டிக்கப்பட்டார்கள், 6 பேர் சிறைக்குப் போனார்கள், மருத்துவமனை மூடப்பட்டது. வெளியார் கண் படாத இடத்தில் எத்தனை பவுண்டு கொட்டினாலும் அதிகாரம் இப்படித்தான் நடந்துகொள்ளும்.

இரண்டாவது, சிறிய வீடு மட்டும் போதாது. கென்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜிம் மான்செல் இந்தத் துறையில் பல ஆண்டுகள் ஆய்வு செய்தவர். பெரிய நிறுவனத்திலிருந்து சிறிய வீட்டுக்கு மாறினால் வாழ்க்கை பொதுவாக மேம்படுகிறது. ஆனால் அதற்கு மேல் ஒரு வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இருக்கிறது, துணையாள் எப்படி உதவுகிறார் என்பதுதான் அந்த வித்தியாசத்தை உண்டாக்குகிறது என்பதை அவரும் சகாக்களும் காட்டினார்கள். நம் வீட்டு உதாரணத்தில் சொல்கிறேன். துணையாள் டீ போட்டுக் கையில் கொடுத்தால் இரண்டு நிமிட வேலை. அவரை அடுப்படிக்கு அழைத்து, பால் பாக்கெட்டை வெட்டச் சொல்லி, சர்க்கரையை அவர் கையால் போடச் சொல்லி, டம்ளர் பிடிக்கும் கையை மட்டும் தாங்கிக்கொண்டால் கால் மணி நேரம் ஆகும். முதலாவதில் ஒருவர் விருந்தாளியாகவோ நோயாளியாகவோ உட்கார்ந்திருக்கிறார். இரண்டாவதில் தன் வீட்டில் தன் டீயைப் போடுகிறார். அந்தப் பதின்மூன்று நிமிடத்துக்குச் சம்பளம் கொடுக்க ஆள் இருக்கிறதா என்பதே தரம் பற்றிய கேள்வி.

ஒரு வீடு நல்ல வீடா என்று பார்க்க நான் சில கேள்விகளை வைத்திருக்கிறேன். வாசல் சாவி ஒன்று அங்கே வாழ்பவர் கையில் இருக்கிறதா? துணையாள் உள்ளே வரும்போது கதவைத் தட்டுகிறாரா? நேற்று இரவு என்ன சாப்பிட்டார்கள், அதை யார் முடிவு செய்தது? கூட வாழும் ஆளை அவர் தேர்ந்தெடுத்தாரா? பிடிக்காத துணையாளை மாற்றச் சொல்ல முடியுமா? சம்பளம் வாங்காத ஒருவராவது இந்த மாதம் அவரைப் பார்க்க வந்தாரா? துணையாளின் சம்பளம் எவ்வளவு, அவர் அதே தட்டில், அதே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறாரா? டைல்ஸ் பற்றிக் கேட்பதற்கு முன் இவற்றைக் கேட்க வேண்டும்.

இங்கே முடியுமா?

வெளிநாட்டுக் கதை இங்கே ஒத்துவராது என்பார்கள். இங்கேயே நடந்திருக்கிறது. சென்னையில் 1993-இல் தொடங்கிய தி பேன்யன் அமைப்பு, மனநோயோடு தெருவில் விடப்பட்டுப் பல ஆண்டுகள் மருத்துவமனையிலேயே தங்கிவிட்ட பெண்களுக்காக 2015 முதல் ‘ஹோம் அகெய்ன்’ என்ற திட்டத்தை நடத்துகிறது. நான்கைந்து பேர் சேர்ந்து சாதாரணக் குடியிருப்புகளில் வாடகை வீட்டில் வாழ்கிறார்கள், துணைக்கு ஆள் இருக்கிறார். அவர்கள் தேவை வேறு, அறிவுசார் குறைபாடுடையோரின் தேவை வேறு. ஆனாலும் தமிழ்நாட்டுத் தெருவில், தமிழ்நாட்டு வாடகையில், உள்ளூர்ப் பெண்களின் துணையோடு இது சாத்தியம் என்பதற்கு அது சான்று. மாறாக, அடைத்து வைப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கும் நம்மிடம் சான்று உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் 28 பேர் சங்கிலியோடு கருகி இறந்தார்கள்.

குடும்பத்தைவிட நல்ல இடம் உண்டா என்று கேட்பவர்களுக்கு: குடும்பம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் ஒரு தாய் அல்லது ஒரு சகோதரி. சம்பளமில்லாமல், விடுமுறையில்லாமல், தன் வாழ்க்கையைக் கொடுத்து அவள் செய்யும் உழைப்பைப் ‘பாசம்’ என்று சொல்லி முடித்துவிடுகிறோம். மகன் பக்கத்துத் தெருவில் தன் வீட்டில் துணையோடு வாழ்ந்து, ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுக்குச் சாப்பிட வந்தால் பாசம் குறைந்துவிடாது.

பேச முடியாதவர் எப்படித் தேர்ந்தெடுப்பார் என்று கேட்பவர்களுக்கு: ஞாயிற்றுக்கிழமைகளில் ‘கறி’ என்ற அந்த ஒரு சொல் தேர்வு இல்லையா? தட்டைத் தூக்கி எறிந்தது பதில் இல்லையா? கேட்கும் காது இல்லாத இடத்தில் பேச்சு இல்லை என்று முடிவு கட்டுவது ஆதிக்கத்தின் பழைய பழக்கம். படிப்பறிவில்லாதவனுக்கு எதற்கு ஓட்டு என்று நம் தாத்தாக்களைப் பார்த்தும் கேட்டார்கள்.

பணம் எங்கே என்று கேட்பவர்களுக்கு: கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்குத் தமிழ்நாடு அரசு இப்போது மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. நாளொன்றுக்கு 67 ரூபாய். பல மாநிலங்கள் இதைக்கூடத் தருவதில்லை என்பது உண்மைதான். ஆனால் இதை வைத்து ஒரு துணையாளை ஒரு மணி நேரம்கூட அமர்த்திக்கொள்ள முடியாது. பணம் இல்லை என்பதைவிட, இந்த வேலைக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்ற எண்ணமே இல்லை என்பதுதான் சரி. பெண்களும் தலித்துகளும் இலவசமாகவோ அடிமாட்டுக் கூலிக்கோ செய்வார்கள் என்ற நம்பிக்கையில்தான் இந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

வாடகை வீடு தேடும்போது இன்னொரு சுவரும் வரும். “நீங்க என்ன ஆளுங்க?” என்று கேட்கும் வீட்டுக்காரர், “இப்படிப்பட்டவங்களுக்கு வீடு தர்றதில்ல” என்றும் சொல்வார். தலித்தாகவும் அறிவுசார் குறைபாடுள்ளவராகவும் இருப்பவருக்கு இரண்டு மறுப்பும் ஒரே வாசலில் கிடைக்கும்.

நாம் கேட்க வேண்டியவை

2016 சட்டத்தின் 92-ஆவது பிரிவைத் தோழர்கள் ஒருமுறை படித்துப் பாருங்கள். மாற்றுத்திறனாளியைப் பொதுப்பார்வையில் படும் இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. படித்ததும் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நினைவுக்கு வரும். நம் போராட்டம் உருவாக்கிய சட்ட மொழி அவர்களுக்கும் வழி திறந்திருக்கிறது. அதை நடைமுறைப்படுத்தக் கூடவே நிற்பது நம் பொறுப்பு.

அதே சட்டத்தின் 37-ஆவது பிரிவு அரசு வீட்டுத் திட்டங்களில் 5 விழுக்காடு ஒதுக்கீடு தருகிறது. அந்த ஒதுக்கீட்டில் அறிவுசார் குறைபாடுடைய பெரியவர்கள் தங்கள் பெயரிலேயே, துணையோடு வாழ வீடு கேட்க முடிய வேண்டும். 1997-இல் அறிவிக்கப்பட்ட பெரியார் நினைவு சமத்துவபுரங்களில் 100 வீடுகளில் 40 தலித் குடும்பங்களுக்கு என்று வைத்து, எல்லாச் சாதியினரையும் ஒரே தெருவில் குடியமர்த்தினார்கள். இனி கட்டும், புதுப்பிக்கும் சமத்துவபுரங்களிலும் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்புகளிலும் துணையோடு வாழும் வீடுகளையும் சேர்க்கச் சொல்வோம். ஊருக்கு வெளியே மதில் கட்டிய இல்லம் இன்னொரு சேரி. அதை இடிக்க வேண்டுமென்றால் ஊருக்குள் வீடு வேண்டும்.

துணையாளர் பணியை அரசு முறையான வேலையாக அறிவிக்க வேண்டும். எட்டு மணி நேரம், பயிற்சி, வருங்கால வைப்புநிதி, விடுப்பு, கூட்டத்தில் ஒரு நாற்காலி எல்லாம் வேண்டும். அந்த வேலைக்கு எல்லாச் சாதியினரும் வரும் அளவுக்குச் சம்பளம் இருக்க வேண்டும். துப்புரவுப் பணியில் நாம் எழுப்பும் கேள்வி இங்கேயும் பொருந்தும். இல்லங்களை ஆய்வு செய்யும் குழுவில் மாற்றுத்திறனாளிகளும் துணையாளர்களும் இருக்க வேண்டும், ஆய்வு முன்னறிவிப்பு இல்லாமல் நடக்க வேண்டும்.

2025-இல் உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கும் சட்டத்தைத் தமிழ்நாடு கொண்டுவந்தது. அந்த உறுப்பினர்களோடு பேசுங்கள். உங்கள் ஊராட்சியில் எத்தனை அறிவுசார் குறைபாடுடைய பெரியவர்கள் இருக்கிறார்கள், எத்தனை பேர் ஊரைவிட்டு இல்லங்களுக்கு அனுப்பப்பட்டார்கள், அவர்கள் திரும்பி வந்து வாழ ஒரு வீடு எங்கே கிடைக்கும் என்ற மூன்று கேள்விகளை அடுத்த கிராமசபையில் எழுப்புங்கள். பதில் வராது. பதில் வராததைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். அங்கிருந்து தொடங்கலாம்.